புதுப்பிப்பு: அப்பா, அம்மாவுடன் ஒரே நாளில் வேலூர்

முழங்கால் வலி உள்ள அம்மாவோடும் அப்பாவோடும் காட்பாடியில் ரயிலிறங்கி, ஒரே நாளில் கோட்டையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிந்தது.

'காலையில் கோட்டை, வெயில் தாழ்ந்ததும் ஸ்ரீபுரம்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. மதியம் நடை சாத்துவதற்குள் கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் ஜலகண்டேஸ்வரரை நிதானமாகத் தரிசித்தோம். அங்கே கல்யாண மண்டபத்தை அவசரப்படாமல் பாருங்கள். தூண்களில் யாளிகளும் குதிரை வீரர்களும் பாய்ந்து நிற்கிறார்கள்; குதிரையின் கடிவாளம்கூடக் கல்லில் தனியாகத் தெரிகிறது. 1981 வரை வெகுகாலம் மூலவர் இல்லாமல் இருந்த கோயில் இது என்று அப்பா சொன்னதும், அம்மா இன்னொரு முறை சன்னதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.

கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை எச்சரித்தவருக்குத் தனி நன்றி, பயணத்தை வியாழனுக்கு மாற்றிக்கொண்டோம்.

எதிர்பாராதது ஸ்ரீபுரத்து நடைதான். நட்சத்திர வடிவப் பாதை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகிறது. மேலே கூரை உண்டு, ஆனால் மூட்டு வலிக்காரர்களுக்கு அது பெரிய தூரம். அம்மா அங்கங்கே நின்று நின்றுதான் வந்தார், நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்னாடியே பேசி வையுங்கள். விளக்கு போட்ட பிறகு பொற்கோபுரத்தைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்க்க, பட்ட சிரமம் தகும்.

அப்புறம், வேலூர் பக்கத்திலேயே இருக்கும் விரிஞ்சிபுரம் கோயிலையும் பார்க்கச் சொன்னவருக்கு: அன்றைக்கு நேரம் போதவில்லை. மதிலழகையும் நேரம் காட்டும் கல்லையும் பார்க்கவே பொங்கல் விடுமுறையில் மறுபடி வருகிறோம்.