ஸ்டார்ட்டரும் இல்லை, கிளட்சும் இல்லை: பழைய ஸ்பிரிண்ட் கார் எப்படிக் கிளம்பும்?

மண்தடம்:
அமெரிக்காவில், அயோவாவின் நாக்ஸ்வில் நகரில் இருக்கும் ஸ்பிரிண்ட் கார் (மண் தடத்தில் ஓடும் சின்னப் பந்தய வண்டி) அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஆஃபன்ஹவுசர் இன்ஜின் வைத்த 1950களின் வண்டி ஒன்று. தேடித்தேடிப் பார்த்தும் ஸ்டார்ட்டர், பேட்டரி, கிளட்ச் பெடல் எதுவும் கண்ணில் படவில்லை. வலது பின் டயர் வேறு இடதைவிடப் பெரிது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஸ்பேனர்சாமி:
இந்த மாதிரி வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறையில்தான் எனக்கு வேலை. பின்னாலிருந்து ஒரு டிரக் தள்ளும். கியர் ஏற்கெனவே விழுந்திருப்பதால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். ஆயில் பிரஷர் ஏறியதும் ஓட்டுநர் சுவிட்சைப் போடுவார், பிடித்துக்கொள்ளும். தீப்பொறியை மேக்னெட்டோவே (இன்ஜின் சுற்றும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் கருவி) தந்துவிடும், பேட்டரி எதற்கு?

டயர் விஷயம்: பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். ஓவலில், அதாவது நீள்வட்டத் தடத்தில், எப்போதும் இடப்பக்கத் திருப்பம்தான். வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டுமே, அதனால் அது பெரிது.

நீங்கள் பார்க்காமல் விட்டது ஹாலிபிராண்ட் குயிக்-சேஞ்ச், அதாவது கியர் விகிதத்தைச் சட்டென்று மாற்ற உதவும் பின் அச்சு அமைப்பு. என்னைக் கேட்டால் வண்டியிலேயே கெட்டிக்காரத்தனமான பாகம் அதுதான். பின் அச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி. நட்டுகளைக் கழற்றினால் எண்ணெய் கொட்டும், கீழே தட்டு வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இரண்டே பல்சக்கரங்கள். மேலே இருப்பதைக் கீழே, கீழே இருப்பதை மேலே மாட்டினால் அதே ஜோடியில் வேறொரு கியர் விகிதம் கிடைத்துவிடும். மண் காய்ந்து தடம் வழுக்க ஆரம்பித்தால், இரண்டு பந்தயங்களுக்கு நடுவிலேயே மாற்றிவிடலாம்.

வி8ராஜா:
எல்லாரும் ஆஃபி (ஆஃபன்ஹவுசர்) புராணமே பாடுகிறார்கள். 1955இல் வந்த செவ்ரோலெட்டின் சின்ன வி8 (V வடிவ எட்டு சிலிண்டர்) இன்ஜின்தானே பிறகு அதை ஓரங்கட்டியது?

ஸ்பேனர்சாமி:
உண்மைதான். ஆனால் அதில் விலைக்குப் பெரிய பங்கு உண்டு. செவி (செவ்ரோலெட்) எங்கும் மலிவாகக் கிடைத்தது. ஆஃபி பந்தயத்துக்கென்றே செய்த நாலு சிலிண்டர் இன்ஜின். ஸ்பிரிண்ட் காருக்கான அளவு 220 கன அங்குலம், ஏறக்குறைய 3.6 லிட்டர். ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) ஒரே வார்ப்பு என்பதால், இரண்டுக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டின் பேச்சே இல்லை. பிரஷர் எவ்வளவு ஏறினாலும் அங்கே ஊதிக்கொண்டு போக எதுவுமில்லை.

மண்தடம்:
அப்படியென்றால் வால்வை எப்படிக் கழற்றுவீர்கள்?

ஸ்பேனர்சாமி:
அங்கேதான் உயிர் போகும்! பிளாக்கை முழுசாகத் தூக்கிக் கவிழ்த்து, சிலிண்டர் துளை வழியாகக் கையை விட்டு வால்வை வெளியே எடுக்க வேண்டும். வால்வு வந்து உட்காரும் சீட்டைத் தேய்ப்பதும் அந்தத் துளை வழியாகத்தான். செவியில் ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்தால் போதும். அந்த ஒரு விஷயத்தில் வி8ராஜாவுக்குத்தான் என் ஓட்டு.