கொஞ்சம் நடந்தாலே களைத்துப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

பத்து நிமிடம் நடந்தாலே எனக்குக் கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது, மூச்சும் வாங்குகிறது. கூட வருபவர் பேசிக்கொண்டே போக, நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றுவிடுகிறேன். ஹீமோகுளோபின், தைராய்டு, இசிஜி எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு எதுவும் இல்லை, நடக்கிற பழக்கம் விட்டுப்போனதுதான் என்றார் மருத்துவர். சரி என்று முதல் நாளே 40 நிமிடம் நடந்துவிட்டு, அப்புறம் மூன்று நாள் படுத்துக் கிடந்தேன் (என் புத்தி அப்படி). இப்போது 3 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓய்வு என்று 5 சுற்று போகிறேன், பேச முடிகிற வேகத்தில்தான். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. இப்படித் தொடங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், முதலில் நேரத்தைக் கூட்டினீர்களா, வேகத்தையா? கெண்டைக்காலுக்கென்று தனியாக ஏதாவது பயிற்சி செய்தீர்களா?