பட்டியலில் எழுதப்படாத செலவு: காய்கனித் தொழிலில் இருப்போரின் அனுபவங்கள்

பழ இறக்குமதியாளர்:

2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், சூயஸ் கால்வாய் வழியாக வரவேண்டிய எங்கள் திராட்சை, ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு வாரம் தாமதமாக வந்து சேர்ந்தது. சரக்குக் கட்டணம் கூடும் என்பதை எதிர்பார்த்து அதற்கேற்பப் பணம் ஒதுக்கியிருந்தேன். ஆனால் கொள்கலனைத் திறந்தபோது கண்டதை நான் எதிர்பார்க்கவில்லை. பழத்தின் சுவையில் குறையில்லை. காம்புகள் மட்டும் பழுப்பேறி உலர்ந்திருந்தன. வாங்க வருபவர் பழத்தைக் கடித்துப் பார்ப்பதற்கு முன்பே காம்பைப் பார்த்து அதன் வயதைக் கணித்துவிடுவார் என்பதால், முதல் தரத்துக்குரிய விலை கிடைக்கவில்லை.

வெப்பநிலைப் பதிவுக் கருவியைச் சோதித்தேன். வழிநெடுக 0 டிகிரியை ஒட்டியே இருந்தது. யாரையும் குறைசொல்ல வழியில்லை. குளிர் பழத்தின் மூப்பைத் தள்ளிப்போடுமே தவிர, நிறுத்திவிடாது. காப்பீட்டை நாடியபோதுதான், சரக்கு சேதமடைவது வேறு, தாமதத்தால் கெடுவது வேறு என்பதும், பின்னதை வழக்கமான கடல்சரக்குக் காப்பீடுகள் விலக்கிவைக்கின்றன என்பதும் உறைத்தது. (ஆவணத்தில் அது எப்போதும் இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.) கூடுதல் கட்டணத்துக்கு ரசீது இருக்கிறது, இந்த இழப்புக்கு இல்லை.

குளிர்பதனக் கிடங்கு மேற்பார்வையாளர்:

நீங்கள் சொல்வதன் மறுபக்கத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன். டீசல் விலை ஏறியதும் பாதி நிரம்பிய வண்டிகளை அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை. ஆப்பிள், வெள்ளரி, கீரை, தக்காளி எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆப்பிள் வெளியிடும், பழுக்கவைக்கும் தன்மையுள்ள எத்திலீன் வாயுவால் வெள்ளரியும் கீரையும் விரைவில் மஞ்சளாகின்றன. கீரைக்கு 0 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். அதே குளிரில் சில நாள் இருந்தால், முழுமையாகப் பழுக்காத தக்காளி பிறகு சரியாகப் பழுக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவாக நடுவில் ஒரு வெப்பநிலையை வைத்தால் எதற்குமே அது பொருந்துவதில்லை. அப்படி வந்த ஒரு வண்டியில் மிச்சப்படுத்திய வாடகையைவிட, நாங்கள் கழித்து ஒதுக்கிய கீரையின் மதிப்பு அதிகமாக இருந்தது. வாடகையை மிச்சப்படுத்தியவரும் கீரையை இழந்தவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதால் இந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

வயலின் வெப்பத்தோடு வரும் சரக்கு இன்னும் மோசம். பறித்த பின்னும் காய்கனிகள் சுவாசிக்கின்றன; அது வேகமானால் விரைவில் கெட்டுவிடும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அந்தச் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகும். ஆட்பற்றாக்குறையால் வாயிலில் காத்துக்கிடக்கும் வண்டிக்கு இது முழுவதும் பொருந்தும்.

காய்கறி பயிரிடுபவர்:

எங்கள் பக்கம் சுருக்கமாக: யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஆகவே 2022இல் எரிவாயு விலை ஏறியபோது உர விலையும் ஏறியது; அட்டைப்பெட்டி விலையும் அதன் பின்னாலேயே சென்றது. விற்பனை விலையை விதைப்புக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். அறுவடை நெருங்கியபோது நாங்கள் பயிர்ச்செலவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, அது ஏற்கெனவே போனது. பறிகூலி, பெட்டி, வண்டி வாடகை ஆகிய மூன்றுமாவது திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் பார்த்தோம். ஒரு வயலுக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும் நல்ல விளைச்சலை அப்படியே உழுதுவிட்டோம். கடையில் விலை ஏறியிருந்த அதே வாரம் அது.

பழ இறக்குமதியாளர்:

கிடங்கிலிருந்து எழுதியவருக்கு: பெட்டிகளில் ஏற்றுமதித் தேதி மட்டும் இருப்பதை இப்போது நான் ஏற்பதில்லை. பறித்த தேதியையும், பறித்ததிலிருந்து குளிரூட்டும் வரை கடந்த மணிநேரத்தையும் கேட்கிறேன். இரண்டு வாரம் கூடுதலாகப் பயணிக்கும் பழத்துக்கு முதல் நாளின் சில மணிநேரமும் கணக்குதான். இந்த விவரத்தைத் தரத் தயங்கிய இருவரிடம் இந்தப் பருவத்தில் வாங்கவில்லை. தந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்திருக்கிறேன்.