முள் இறங்கியதும் சிரித்தேன்: கூலன்டில் ஏர் பிடித்த அனுபவங்கள்

பத்துச்சக்கரம்
வாட்டர் பம்ப் மாற்றிய மறுநாள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஊற்றினேன், டேங்கில் குறி வரை வந்துவிட்டது, மூடியைப் போட்டுக் கிளம்பிவிட்டேன். லோடு வண்டி, நீளமான ஏற்றம். சூட்டு முள் மெல்ல ஏறிக்கொண்டே போனது. சிவப்பைத் தொடப்போகிறதே, எங்கே ஓரம் கட்டலாம் என்று பார்க்கும்போது முள் சட்டென்று விழுந்தது. பாதிக்கும் கீழே! சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு ஒட்டியிருந்திருக்கும், இப்போது திறந்துவிட்டது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சிரித்தேன்கூட.

குளிருக்கு ஹீட்டரைத் திருப்பினால் ஜில்லென்று காற்று வருகிறது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. எஞ்சின் ஆறவே இல்லை. சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் வெறும் காற்று நின்றிருக்கிறது, முள் அதைத்தான் காட்டியிருக்கிறது. நிறுத்திவிட்டுக் காது வைத்துக் கேட்டால் உள்ளே கடகடவென்று சத்தம். நன்றாக ஆறவிட்டுத் திறந்தேன், 8 லிட்டர் உள்ளே போனது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட் தப்பித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

பழைய ஸ்பானர்
8 லிட்டர் குறைவாக வைத்துக்கொண்டு ஏற்றம் ஏறியும் ஹெட் தப்பித்ததா? உங்களுக்கு நல்ல நேரம், அவ்வளவுதான். ஆனால் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகப்பட்டது அப்படியொன்றும் தப்பில்லை. அதன் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஆடுகிற ஊசி ஒன்று இருக்குமே, அது மேல்பக்கம் வர வேண்டும். ஒருமுறை நான் அதைக் கீழே வைத்து மாட்டிவிட்டேன். காற்று போக வழியில்லாமல் தெர்மோஸ்டாட்டுக்கு அடியிலேயே தங்கிவிட்டது. உள்ளே இருக்கும் மெழுகு சுடுதண்ணீர் பட்டால்தான் உருகித் திறக்கும், காற்றுக்குச் சீக்கிரம் அசையாது. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் பச்சைத் தண்ணீர் மாதிரி, எஞ்சின் அடுப்பு மாதிரி. மூன்று தடவை ஊற்றி, மூன்று தடவை கழற்றி, கடைசியில்தான் அந்த ஊசி கண்ணில் பட்டது.

இரவு சவாரி
ஆறவிட்டுத் திறந்தேன் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. கூட வந்த தம்பி துணியைச் சுற்றி மூடியைப் பாதிதான் திருகினான். புஸ்ஸென்று ஒரு சத்தம். கையை எடுடா என்று நான் கத்துவதற்குள் மூடி பறந்து கேபினில் அடித்தது, பின்னாலேயே பச்சை நிறத்தில் ஆவி. முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. மூடி 1 பார் அழுத்தம் பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி திறந்த நொடியில் மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கும். அதன்பிறகு மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, அது தளர்ந்திருந்தால் ஒழிய மூடிப் பக்கமே போவதில்லை.

கிரீஸ் கை
எனக்கும் ஒருமுறை ஏர் பிடித்தது, பாதி நாள் போனது. கதை அவ்வளவுதான். ஆனால் இங்கே யாரும் சரியாக ஊற்றுவதில்லை என்று தெரிகிறது, அதனால் சொல்கிறேன். முதலில் ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். அந்த வால்வு மூடியிருந்தால் ஹீட்டர் கோரில், அதாவது கேபினுக்குச் சூடு தரும் சின்ன ரேடியேட்டரில், இருக்கும் காற்று அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். காற்றை வெளியே விடும் ப்ளீட் ஸ்க்ரூ எல்லாவற்றையும் தளர்த்துங்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஒன்று இருக்கும், ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையை ஆற்றுவது) உள்ள சில வண்டிகளில் அதன் மேலும் இருக்கும். மெதுவாக ஊற்றுங்கள். கடகடவென்று கவிழ்த்தால் காற்று வெளியே போகும் வழியைக் கூலன்டே அடைத்துவிடும். குமிழி இல்லாமல் ஒரே ஒழுக்காக வந்ததும் கீழே உள்ள ஸ்க்ரூவிலிருந்து மேலே ஒவ்வொன்றாக மூடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து, மிதிக்காமல் ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, ஹீட்டரிலும் சூடு வர வேண்டும். எஞ்சின் ஆறியபின் மட்டத்தைப் பாருங்கள், நிச்சயம் இறங்கியிருக்கும். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

பழைய ஸ்பானர்
வெறும் ஐடிலில் எல்லாக் காற்றும் வராது. சூடானதும் கொஞ்ச நேரம் 1500 ஆர்பிஎம்மில் பிடித்தால்தான் ஹீட்டர் லைனில் இருப்பது நகரும்.

கிரீஸ் கை
சூடான பிறகு என்றால் சரி. தெர்மோஸ்டாட் திறப்பதற்கு முன்பே மிதிக்கிறவர்களைத்தான் நான் சொல்கிறேன்.

மலைப்பாதை
நீங்கள் எல்லோரும் ஊற்றும்போது புகுந்த காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வண்டியில் காற்று தினமும் புதிதாக வந்தது. ஏர் எடுத்தால் இரண்டு நாள் சரி, மூன்றாம் நாள் டேங்கில் மறுபடியும் குமிழி. பார்த்தவர்கள் எல்லோரும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார்கள். ஹெட்டை இறக்கிக் கேஸ்கட்டும் மாற்றியாகிவிட்டது. குமிழி நிற்கவில்லை!

ஒருநாள் டேங்கைத் திறந்து வைத்து, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரசர் பிரேக்குக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தது, குமிழி வந்துகொண்டே இருந்தது. 8 பாரில் கவர்னர் டிஷ்ஷென்று கம்ப்ரசர் காற்று ஏற்றுவதை வெட்டியது. குமிழி நின்றுவிட்டது. பிரேக்கை நாலைந்து முறை மிதித்துக் காற்றை இறக்கினேன், கம்ப்ரசர் மறுபடி ஏற்ற ஆரம்பித்ததும் குமிழியும் வந்தது. ஏர் கம்ப்ரசர் தலையையும் இதே கூலன்ட்தான் குளிர்விக்கிறது. அதன் கேஸ்கட் போய்விட்டிருந்தது. ஒரு சின்னக் கேஸ்கட்டுக்காக முழு ஹெட்டையும் இறக்கினேன். பக்கத்தில் நின்ற மெக்கானிக் எதுவும் பேசவில்லை, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பத்துச்சக்கரம்
நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை. ஆனால் மலைப்பாதை எழுதியதைப் படித்துவிட்டு இப்போது டேங்கைத் திறந்து பார்த்தேன். பம்ப் மாற்றி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு குமிழி வந்தது. காற்று ஏறி முடியட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறேன்.