எருக்குவியலில் இருந்து வடியும் கருந்தண்ணீர்: அனுபவப் பகிர்வு

மழை விட்ட மறுநாள் திறந்தவெளிக் குவியலின் பள்ளப் பக்கத்தைப் பாருங்கள். கரும்பழுப்பாக, நுரை கட்டி, மூக்கில் ஏறும் நெடியோடு தண்ணீர் தேங்கி நிற்கும். கொஞ்சம்தானே என்று விட்டுவிடுகிறோம். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 3 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளமுள்ள குவியல்மேல் 50 மி.மீ. பெய்தால் 3,000 லிட்டர். குவியல் குடித்தது போக மிச்சம் அம்மோனியா, பொட்டாஷ், பாஸ்பரஸ், கிருமி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு இறங்கும். மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர் இந்தக் கணக்கில் இல்லை. அதை மேல்புறமே வரப்பு போட்டு, வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும்.

*

மழைகூட வேண்டாம், பச்சைச் சாணமே போதும். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்; மக்குவதற்குத் தேவை 50 முதல் 60. 100 கிலோ சாணத்தோடு, 10 சதவீத ஈரமுள்ள காய்ந்த வைக்கோல் 40 கிலோ சேர்த்தால்தான் 60க்கு இறங்கும். பலர் பேருக்கு நாலு கை அள்ளிப் போடுகிறார்கள். கலவையைக் கையில் இறுக்கிப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி, ஒழுகினால் வைக்கோல் பற்றாது. அடியில் 30 செ.மீ. வைக்கோலோ மரத்தூளோ விரித்துவிட்டுக் குவித்தால் ஆரம்பக் கசிவை அது உறிஞ்சிக்கொள்ளும்.

கோழி எரு ஏமாற்றும். பார்க்கக் காய்ந்திருக்கும், ஆனால் தழைச்சத்து மிக அதிகம். அதை மூடாமல் வைக்கவே கூடாது.

*

மூடுவதிலும் தப்பு நடக்கிறது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் காற்று போகாது, உள்ளே அழுகும். அதன் ஓரம் குவியலின் அடியோடு நின்றால், வழியும் மழைநீர் அங்கேயே விழுந்து உள்ளே புகும். ஓரம் வெளியே வாய்க்கால் வரை நீள வேண்டும். காற்று புகும், மழை வழிந்தோடும் நெய்யாத் துணி விரிப்பு இதைவிட மேல். கூரை கிடைத்தால் வேறு பேச்சே இல்லை.

குவியலின் தலை கூம்பாக இருக்கட்டும், நடுவில் குழி விழவிடாதீர்கள். நீளக் குவியலைச் சரிவுக்குக் குறுக்கே போட்டால் அதுவே அணையாகிவிடும். சரிவின் போக்கிலேயே போடுங்கள்.

*

மணற்பாங்கான நிலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான் மோசம். எருவின் தழைச்சத்து மாறி உண்டாகும் நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு நேரே நிலத்தடிக்குப் போகும். குவியலை அள்ளியெடுத்த பிறகும் அந்த வெற்றுத்தரைக்கு அடியில் அது நிறைந்திருக்கும். அடுத்த மழை கீழே தள்ளிவிடும். அள்ளிய கையோடு புல்லோ சோளமோ விதைத்தால் வேர் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள்.

பக்கத்தில் கிணறு இருந்தால் மழைக்காலம் முடிந்ததும் பரிசோதனை செய்யுங்கள். குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மி.கி. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவாகும்.

குளம் என்றால் அறிகுறி வேறு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துவருகிறது என்று அர்த்தம்.

*

குவியலின் பள்ளப் பக்கத்தில் குழி வெட்டிப் பிடித்த வடிநீரைத் திரும்பக் குவியல்மேல் ஊற்றலாம், ஆனால் சூடு ஏறிக்கொண்டிருக்கும் குவியலில் மட்டும். 55 டிகிரி தாண்டி, ஆறி, தயாரான உரத்தில் ஊற்றினால் செத்த கிருமிகளின் இடத்துக்குப் புதியவை வந்து உட்காரும். குழி நிரம்பியிருக்கும்போது மழை வந்தால் அத்தனையும் வழிந்துவிடும், அதனால் முன்கூட்டியே இறைத்துக் காலியாக வைத்திருங்கள்.

கீழ்ப்புறத்தில் புல்வரிசை வளர்ப்பவர்களுக்கு ஒன்று: தண்ணீர் பாய் விரித்த மாதிரி பரவி ஓடினால்தான் புல் வடிகட்டும். ஒரே தடத்தில் அரித்து ஓடத் தொடங்கினால், அந்த இடத்தைச் சமன் செய்து திரும்பப் புல் நடுங்கள்.