விபி6 புரோகிராமை 64 பிட்டுக்குக் கொண்டுபோக எந்த பேசிக் கம்பைலர் வேகம்?

வரிஎண்10:
விபி6-ல் (மைக்ரோசாஃப்டின் பழைய விஷுவல் பேசிக் 6) எழுதிய டெஸ்க்டாப் புரோகிராம் ஒன்று பல வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. பெரிய டெக்ஸ்ட் ஃபைலைப் படித்து, வரி வரியாகப் பிரித்து, ரிப்போர்ட் உருவாக்கி லிஸ்ட்வியூவில் (திரையில் வரும் பட்டியல் பெட்டி) காட்டும், அவ்வளவுதான். ஆனால் ஃபைல் பெரிதாகப் பெரிதாக நகரவே மாட்டேன் என்கிறது. 64 பிட், ஒரே எக்ஸி, ஓட்டுவதற்கென்று தனியாக நிறுவ வேண்டிய ரன்டைம் எதுவும் வேண்டாம். ஃப்ரீபேசிக், ப்யூர்பேசிக், பவர்பேசிக், க்யூபி64 என்று சில பேசிக் கம்பைலர்களின் (எழுதிய கோடை எக்ஸியாக மாற்றுபவை) பெயர்கள் மட்டும் தெரியும். எது வேகம்?

நடுநிசி நிரலர்:
எந்த வேகம்? கம்பைல் ஆகும் வேகமா, ஆனபின் ஓடும் வேகமா? முதலாவதில் ப்யூர்பேசிக் கில்லாடி. 2022-ல் வந்த 6.00 பதிப்பிலிருந்து கோடை அசெம்ப்ளியாக மாற்றும் பழைய வழியோடு, சி மொழியாக மாற்றும் வழியும் உண்டு. அதில் கம்பைல் ஆகக் கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் ஆப்டிமைசரை டிக் செய்துவிட்டால் கணக்குப் போடும் லூப்கள் நன்றாகவே ஓடும். (பிழை தேடும் டீபக்கர் ஆனில் இருக்கும்போதே நேரம் அளந்துவிட்டுப் புலம்பாதீர்கள், நான் புலம்பியிருக்கிறேன்.) விண்டோ, பட்டன் எல்லாம் மொழிக்குள்ளேயே இருக்கின்றன, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஃப்ரீபேசிக் இலவசம், ஜிசிசி என்ற சி கம்பைலர் வழியாகப் போனால் ஓட்டமும் பிரமாதம், ஆனால் பட்டன் வைக்க விண்டோஸ் ஏபிஐயோடு (விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்கள்) நீங்களே மல்லுக்கட்ட வேண்டும். பவர்பேசிக் 32 பிட்டோடு நின்றுவிட்டது. க்யூபி64-ஐ ஃபார்ம் (பட்டன், பெட்டி வைக்கும் விண்டோ) வேலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

பழைய ஃபார்ம்:
கம்பைலரை மாற்றும் முன் ஒன்று கேட்கிறேன். ரிப்போர்ட்டை ஒரே ஸ்ட்ரிங்கின் வாலில் வரி வரியாக ஒட்டிக்கொண்டே போகிறீர்களா? ஒட்டும் ஒவ்வொரு தடவையும் அதுவரை சேர்ந்தது முழுவதும் புது இடத்துக்குக் காப்பி ஆகிறது, ஆகவே வரிகள் இரண்டு மடங்கானால் வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதை எந்தக் கம்பைலரும் காப்பாற்றாது. ஸ்பேஸ் ஃபங்ஷனால் முதலிலேயே பெரிய பஃபர் (வெற்று இடம்) ஒதுக்கி, மிட் ஸ்டேட்மென்ட் வைத்து அதற்குள் எழுதுங்கள். அப்புறம் ப்ராஜெக்ட் ப்ராப்பர்டீஸில் பி-கோடு (ஓடும்போது ரன்டைம் படித்துச் செய்வது, மெதுவானது) இருக்கிறதா, நேட்டிவ் கோடு (ப்ராசஸரே நேராக ஓட்டுவது) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வரிஎண்10:
மாட்டிக்கொண்டேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன்! நேட்டிவ் கோடுதான் முன்பே இருந்தது. பஃபர் வைத்ததும், நிமிடக் கணக்கில் ஓடியது சில நொடியில் முடிகிறது. சரி, ஆனாலும் ஃபைல் வளர்ந்துகொண்டே போகிறது, 32 பிட் புரோகிராமின் 2 ஜிபி மெமரி எல்லை இடிக்கப்போகிறது, 64 பிட் இல்லாமல் முடியாது.

பழைய ஃபார்ம்:
அப்படியென்றால் ட்வின்பேசிக்கைப் பாருங்கள், விபி6-க்கு ஒத்துப்போகும் புதிய பேசிக் அது, விபி6 ப்ராஜெக்ட்டையே இம்போர்ட் செய்யலாம், மொத்தமும் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆனால் 32 பிட் ஓசிஎக்ஸ் (ஃபார்மில் சேர்க்கும் தனி கன்ட்ரோல் ஃபைல்) எதுவும் 64 பிட் எக்ஸிக்குள் ஏறாது, உங்கள் பழைய லிஸ்ட்வியூவும் அதில் சேர்த்தி. ஃப்ரீபேசிக்தான் என்று முடிவெடுத்தால் இன்டிஜர் என்ற முழு எண் வகையில் உஷார்: விபி6-ல் 16 பிட், அங்கே 64 பிட் எக்ஸியில் 64 பிட். ரெக்கார்டாக எழுதி வைத்த பழைய பைனரி ஃபைல் இருந்தால் படிக்கும்போது குப்பையாக வரும். இன்டிஜரை, 16 பிட் வகையான ஷார்ட் என்று மாற்றுங்கள். லாங் இரண்டிலும் 32 பிட்தான், அதைத் தொட வேண்டாம்.