பத்துமலை, இரட்டைக் கோபுரம் பார்த்தாகிவிட்டது. கோலாலம்பூரில் அப்பாவை வேறு எங்கே கூட்டிப் போகலாம்?

கோலகெட்டில் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் அப்பாவையும் என் மகளையும் கெடாவிலிருந்து மூன்று நாள் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போகிறேன். அப்பாவுக்கு 74 வயது. முப்பத்தெட்டு வருடம் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய பிறகுதான் நாங்கள் டவுன் பக்கம் வந்தோம். இதுவரை ஏழெட்டு முறை கோலாலம்பூர் போயிருப்போம். எப்போது போனாலும் பத்துமலை, இரட்டைக் கோபுரம், ஒரு சேலைக்கடை, அப்புறம் திரும்ப பஸ். போன தடவை பத்துமலையில் 272 படியில் பாதி ஏறுவதற்குள் அப்பாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்கு 14 வயது, வரலாறு பிடிக்கும். "தாத்தா மாதிரி ஆளுங்க செஞ்ச எதுவும் கோலாலம்பூர்ல இல்லையாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. படி அதிகம் ஏறாமல் பார்க்கிற பழைய இடங்கள், நாலு பேரோடு உட்கார்ந்து பேச முடிகிற இடங்கள் இருந்தால் சொல்லுங்கள். பேரங்காடி வேண்டாம்.

கூலிம்காரன்:

அக்கா, ஜாலான் ஸ்டோனரில் பெங்ஹுலு (ஊர்த் தலைவர்) அபு செமான் வீடு என்று ஒரு மலாய் மரவீடு இருக்கிறது. அது நம்ம கெடா மாஹாங்கில் இருந்த வீடு! 1910 தொடங்கி 1930களின் ஆரம்பம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. பாழாகிக் கிடந்ததை பழைய கட்டடங்களைக் காக்கும் பாடான் வாரிசான் மலேசியா அமைப்பு பிரித்து எடுத்துப் போய், அங்கே திரும்பப் பொருத்தி நிறுத்தியிருக்கிறது. அப்பாவுக்கு மாஹாங் பக்கம் பழக்கம் என்றால் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிடுவார். போவதற்கு முன்னால் திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செந்தூல் பட்டறை:

அம்மா, நானும் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தப் பட்டணத்தை நடந்தே பார்த்தவன். உங்கள் மகள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. நம்ம ஆட்கள் செய்தது அங்கே நிறைய இருக்கிறது, பெரும்பாலும் எல்லாம் பழைய பட்டணத்துக்குள்தான்.

மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகிற இடத்தில் 1909ல் திறந்த அந்தப் பள்ளிவாசல் நிற்கும். அதை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்து லெபோ அம்பாங் போங்கள். கடன் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கிகள் (தொழில் கூடங்கள்) இருந்த தெரு அது. ஒரே நீளமான கூடத்தில் ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள். ரப்பர்த் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் அங்கிருந்து கடன் போனது. நான் போன காலத்திலேயே ஒன்றிரண்டில்தான் ஆள் இருந்தார்கள். இப்போது கீழே வேறு கடைகள். தலையைத் தூக்கி மாடி முகப்பைப் பாருங்கள், பூ ஓடுகள் இன்னும் அழகாக இருக்கும்.

பக்கத்திலேயே மஸ்ஜித் இந்தியா. தமிழ் முஸ்லிம்கள் 1863ல் மரத்தில் எழுப்பிய பள்ளிவாசல். இப்போதுள்ள கட்டடம் 1960களில் வந்தது. அந்தத் தெருவில் சேலை வாங்கிய நம்மவர்களில் பலருக்கு, அங்கே வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தமிழில் நடக்கிறது என்பது தெரியாது. அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். 1873ல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது, தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்புவது அங்கிருந்துதான். ஆனால் வாசலை விட்டு வெளியே வந்து எதிர்ப்பக்கம் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு முகப்போடு குவான் டி கோயில், கான்டன் சீனர்களுடையது. இங்கே சாம்பிராணி, அங்கே ஊதுவத்தி, நடுவில் ஒரு தெரு. அதே தெருவில் கொஞ்சம் தள்ளி, லெபோ புடுவுக்குப் போகிற சந்தில் சின் சே சி யா கோயில். 1864ல் அந்தக் காலத்துச் சீனத் தலைவர் யாப் ஆ லோய் எழுப்பியது, பட்டணத்திலேயே பழைய சீனக் கோயில். தெருவுக்கு நேராக இல்லாமல் கோணமாகத் திரும்பி நிற்கும். நல்லது நடக்கும் என்று பூசை மேசைக்கு அடியில் குனிந்து நுழைந்து வருவார்கள். உங்கள் மகள் நுழையட்டும், அப்பா வேண்டாம்.

முட்டி ஒத்துழைத்தால் கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயில். பழைய புடுராயா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். அப்போது வடக்கே இருந்து பஸ்ஸில் வந்து விடியற்காலையில் இறங்கிய தோட்டத்து ஆட்கள், முகம் கழுவி முதலில் கும்பிட்டது அந்தப் பிள்ளையாரைத்தான். நான் வேலைக்கு வந்த முதல் நாளும் அப்படித்தான். கையில் ஒரு துணிப்பை, சட்டைப்பையில் நாற்பது வெள்ளி (ரிங்கிட்).

இது எல்லாவற்றையும் விட ஒன்று சொல்கிறேன். ஜாலான் சுல்தான் சுலைமானில் விஸ்மா துன் சம்பந்தன் இருக்கிறது. வெறும் அலுவலகக் கட்டடம்தானே என்று யாரும் சுற்றிப் பார்க்கப் போகமாட்டார்கள். 1950களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். நம்ம ஜனங்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டுப் போக வேண்டிய நிலை. அப்போதுதான் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். அதில் முதலில் வாங்கிய தோட்டமே நம்ம கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். அந்தச் சங்கத்தின் கட்டடம்தான் இந்த விஸ்மா. எங்கள் அம்மாவும் உறுப்பினர். எனக்கு செருப்பு வாங்காமல் பங்கு கட்டிய மாதம் உண்டு, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் முன்னால் அம்மாவை ஒருமுறை நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன், நடக்கவில்லை. நீங்கள் உங்கள் அப்பாவைக் கூட்டிப் போங்கள். தமிழ் நூல் வெளியீடு, நாடகம் எல்லாம் அங்குள்ள அரங்கத்தில் நடக்கும்.

பெர்ஹாலா ரோடு:

அக்கா, நான் பாலிங் பெண், பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருக்கிறேன். 1881ல் தீயிலும் வெள்ளத்திலும் அத்தாப்பு (ஓலைக்கூரை) வீடுகள் அழிந்த பிறகு பட்டணத்தைச் செங்கல்லில் கட்டச் சொன்னார்கள். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம் இது, பேர் வந்ததே அதனால்தான். ஜாலான் பெர்ஹாலாவில் சிங்களவர்கள் 1894ல் தொடங்கிய புத்த மகா விகாரை இருக்கிறது. லோரோங் ஸ்காட் பக்கம் கந்தசுவாமி கோயில், ரயில்வேக்கு வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்களுடையது. அங்கே சாயங்காலப் பூசை அமைதியாக இருக்கும், தாத்தா நிம்மதியாக உட்காரலாம். தரை எல்லாம் சமம். தங்குவதற்கும் இந்தப் பக்கம்தான் வசதி.

கோலகெட்டில் மகள்:

எல்லாருக்கும் நன்றி. செந்தூல் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் "எங்க ஆத்தா அதுல பங்கு போட்டுச்சு" என்றார். இத்தனை வருடத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை. சாமி கும்பிட அப்புறம் போகலாம், முதலில் அந்தக் கட்டடம் என்கிறார். மகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எந்த நாளில் போனால் நல்லது ஐயா?

செந்தூல் பட்டறை:

வெள்ளிக்கிழமை போங்கள் அம்மா. கெடாவில் நமக்கு விடுமுறை, அங்கே வேலை நாள், அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள். வியாழக்கிழமையே சுங்கைப்பட்டாணியில் ரயில் ஏறி, ராத்திரி பிரிக்பீல்ட்ஸில் தங்கிவிடுங்கள். காலையில் பசியாறிவிட்டு நேராக விஸ்மா. மதியம் தொழுகை நேரம் என்பதால் பள்ளிவாசல் பக்கம் மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தாவின் முழுப் பெயர், அப்போது இருந்த தோட்டம், டிவிசன் (தோட்டப் பிரிவு) எல்லாவற்றையும் அப்பாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே இருப்பவர்களிடம் காட்டி விசாரிக்கலாம். அப்பாவின் அடையாளக் கார்டையும் மறந்துவிடாதீர்கள்.